ஆர்க் அடிச்ச இடத்துல தப்பு இல்ல: ஒரு டெஸ்லா காயில் கேஸ்

நவம்பர்ல நல்லா ஓடுன என் டெஸ்லா காயில் (காத்துலயே நீளமா பொறி பறக்க விடுற ஹை வோல்டேஜ் கருவி) மார்ச்ல ஏன் தன்னைத்தானே சுட்டுக்கிச்சு, இதுதான் மொத்த கேஸும். இதுக்கு விடை கண்டுபிடிக்க எனக்கு ஆறு வாரம் ஆச்சு, அதுல முதல் மூணு வாரம் சுத்த வேஸ்ட், ஏன்னா ஆர்க் (காத்துல தாவுற மின்பொறி) எங்க அடிக்குதோ அங்கயே போய் பிளாஸ்டிக் ஷீட் சொருகிட்டு இருந்தேன். அந்த கதையவும் சேர்த்தே சொல்றேன், யாராச்சும் அதே மூணு வாரத்த மிச்சம் பண்ணிக்கட்டும்.

முதல்ல ஒரு எச்சரிக்கை, இத ஸ்கிப் பண்ணாதீங்க. நியான் போர்டு டிரான்ஸ்ஃபார்மரோட 9 கிலோவோல்ட் 30 மில்லி ஆம்பியர் வெளியீடு ஆளக் கொல்லும். "டெஸ்லா காயில் ஹை ஃப்ரீக்வன்சி, கரண்ட் தோல் மேலயே ஓடிடும், ஒண்ணும் ஆகாது"ன்னு ஒரு கதை சுத்திட்டு இருக்கு, அது பொய். 200 கிலோஹெர்ட்ஸ்ல மனுஷ உடம்புக்கு கணக்கு போட்டா ஸ்கின் டெப்த் (கரண்ட் மேல்பரப்புல இருந்து உள்ள இறங்குற ஆழம்) ஒரு மீட்டருக்கும் மேல வருது, நம்ம உடம்பே அவ்ளோ தடிமன் கிடையாது, அப்புறம் எங்க தோல்மேல ஓடுறது? நரம்புக்கு அந்த வேகம் உறைக்காது, அதனால ஷாக் தெரியாது, ஆனா உள்ள சுடும். அது ஸ்ட்ரீமர் (காயில் உச்சில இருந்து காத்துல நீளுற பொறி) கதை. கீழ பிரைமரி (கெப்பாசிட்டர்ல இருந்து கரண்ட் பாயுற அடி காயில்) சைடுல 50 ஹெர்ட்ஸ் கிலோவோல்ட், அங்க இந்த சால்ஜாப்பு கூட கிடையாது.

இப்ப செட்டப். ஊர் கோயம்புத்தூர், அதனால எனாமல் வயருக்கும் வார்னிஷுக்கும் பஞ்சமே இல்ல, மோட்டார் ரீவைண்டிங் கடை தெருவுக்கு ஒண்ணு. டிரான்ஸ்ஃபார்மர் பழைய நியான் போர்டுல இருந்து கழட்டுன இரும்பு கோர் டைப். (புதுசா வர்ற எலக்ட்ரானிக் டைப் இந்த வேலைக்கு ஆகாது, வாங்கிடாதீங்க.) செகண்டரி (ஹை வோல்டேஜ் உண்டாகுற உயரமான காயில்) 110 மில்லிமீட்டர் பிவிசி பைப்புல 28 கேஜ் வயர், 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு சுத்துனது. பிரைமரி கால் இன்ச் செம்பு டியூப், ஜிலேபி மாதிரி தட்டையா 13 சுத்து, சுத்துக்கு சுத்து அரை இன்ச், உள் சுத்தோட ஆரம் மூணரை இன்ச். கெப்பாசிட்டர் 0.15 மைக்ரோஃபாரட் 2000 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் 10 சீரியல்ல, மொத்தம் 15 நானோஃபாரட், ஒவ்வொண்ணுக்கும் குறுக்க 10 மெகாஓம் ப்ளீடர் (மிச்ச சார்ஜ வடிக்கிற ரெசிஸ்டர்). ஸ்பார்க் கேப் (கெப்பாசிட்டர் நிறைஞ்சதும் பொறி தாவி சர்க்யூட்ட மூடுற இடைவெளி) அஞ்சு செம்பு பைப் துண்டு வரிசை, எல்லா இடைவெளியும் சேர்ந்து சுமார் 4 மில்லிமீட்டர், பக்கத்துல ஒரு ப்ளோயர். தலைல அலுமினியம் டக்ட் பைப்ப வளைச்சு செஞ்ச டொராய்டு (உளுந்து வடை மாதிரி வளையம்), 15 இன்ச் அகலம். எர்த்துக்கு வீட்டு எர்த்த தொடவே இல்ல, தனியா பின்பக்க தோட்டத்துல ரெண்டடி செம்பு ராடு அடிச்சேன். வீட்டு எர்த்துல கட்டியிருந்தா டிவி, மோடம் எல்லாத்துக்கும் பூஜை நடந்திருக்கும்.

தீபாவளி முடிஞ்சு மழை விட்ட ஒரு வாரத்துல முதல் தடவ ஓட்டுனேன். 6, 7 இன்ச் ஸ்ட்ரீமர் வந்துச்சு. எனக்கு அதுவே பெருசு. காயில் கட்டுறவங்க மத்தியில ஒரு நாட்டுக் கணக்கு உண்டு, வாட்ஸோட வர்க்கமூலத்த 1.7 ஆல பெருக்குனா இன்ச்ல ஸ்பார்க் நீளம். என்னோடது 270 வாட், அப்ப 28 இன்ச்கிட்ட வரணும். கால்வாசிதான் வருதேன்னு அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். சந்தோஷத்துல கண்ணு மறைச்சிருச்சு.

ஜனவரில பழைய பலகை ஊறி வளைஞ்சு போச்சுன்னு புது ப்ளைவுட் அடிச்சு, பிரைமரிய தாங்குற அக்ரிலிக் தூண்கள மாத்துனேன், ஸ்கேல் வெச்சு அளக்காம. அதோட மூட்டை கட்டி வெச்சாச்சு. மார்ச் கடைசில சித்தப்பா பசங்க ஊர்ல இருந்து வந்திருந்தானுங்க, காட்டலாம்னு எடுத்தேன். வேரியாக்க (உள்ள போற வோல்டேஜ கூட்டிக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர்) 60 சதவீதம் திருப்புறதுக்குள்ள டப்புன்னு ஒரு வெள்ளை ஆர்க், பிரைமரியோட உள் சுத்துல இருந்து செகண்டரி மேல அடில இருந்து ரெண்டு இன்ச் உயரத்துல. டொராய்டுல 3 இன்ச் கூட இல்ல. பசங்க "அவ்ளோதானாண்ணா?"ன்னு கேட்டுட்டு போனை எடுத்துட்டானுங்க.

அப்புறம் அந்த மூணு வாரம். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவுல பாலித்தீன் ஷீட் உருளையா சுத்துனேன், ரெண்டாவது ரன்ல ஊசி குத்துன மாதிரி ஓட்டை. அக்ரிலிக் வெச்சேன், ஆர்க் அதுக்கு மேல ஏறி குதிச்சு போச்சு. ரீவைண்டிங் கடைல மோட்டார் ஸ்லாட்டுக்கு போடுற லெதராய்டு பேப்பர் வாங்கி சுத்துனேன், அது புகைஞ்சிருச்சு. ஒவ்வொரு தடவையும் இன்சுலேஷன் கூடுது, ஆர்க் வேற வழி தேடுது. ஒரு நாள் செகண்டரியோட பாதி உயரத்துலயே பொறி ஊர ஆரம்பிச்சிருச்சு, சுத்துக்கு சுத்து தாவி மேலயும் கீழயும் ஓடுற மாதிரி. இதுக்கு ரேசிங் ஸ்பார்க்னு பேர், பாக்க அழகா இருக்கும், வார்னிஷ் கருகுற வாசனை வர்ற வரைக்கும்.

கருகுன செகண்டரிய தூக்கிட்டு ரீவைண்டிங் அண்ணன்கிட்ட போனேன். அவருக்கு இந்த காயில் எதுக்குன்னே புரியல, ஆனா கருகல் என்னன்னு தெரியும். நகத்தால சுரண்டிப் பாத்துட்டு, "ஏந்தம்பி, இது மேல வார்னிஷ் அடிச்சா உள்ள கரி அப்படியேதான இருக்கும்? கரியும் கம்பிதான். மொதல்ல கரியச் சுரண்டு"ன்னாரு. அப்புறம் கேட்டாரு பாருங்க, "மோட்டார் எரிஞ்சு வந்தா நாங்க காயில மட்டும் பாக்க மாட்டோம், லைன்ல வோல்டேஜ் என்ன, பேரிங் டைட்டா, லோடு என்னன்னு கேப்போம். இதுக்கு நீ அதெல்லாம் பாத்தியா?" பாக்கல. நான் ஒண்ணுமே அளக்கல. கால்குலேட்டர்ல போட்ட நம்பர மட்டும் நம்பிட்டு இருந்தேன்.

அன்னைக்கு ராத்திரியே ஒரு விதி போட்டுக்கிட்டேன், ஒரு ரன்னுக்கு ஒரே ஒரு மாத்தம், அதையும் நோட்ல எழுதணும். ரூம இருட்டாக்கி, போனை ஸ்டாண்டுல மூணு மீட்டர் தள்ளி வெச்சு ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தேன். 240 ஃப்ரேம்ல எடுத்தா கிட்டத்தட்ட ஒவ்வொரு ஸ்பார்க் கேப் வெடிப்பும் தனித்தனி ஃப்ரேமா கிடைக்கும், செலவே இல்லாத பெஸ்ட் டூல் இதுதான். டொராய்டுல ஒண்ணுமே இல்லாத ஃப்ரேம்லயும் கீழ ஆர்க் அடிக்குது. அதாவது மேல போன ஸ்ட்ரீமர் திரும்பி வந்து பிரைமரிய அடிக்கல (அதுவும் நடக்கும், அதுக்கு மருந்து வேற, பிரைமரிக்கு மேல எர்த் பண்ண ஒரு ஸ்ட்ரைக் ரிங், முழு வளையமா இல்லாம ஒரு இடத்துல வெட்டு விட்டு). எனக்கு எனர்ஜி மேல போறதுக்கு முன்னாடியே கீழ கசியுது.

முதல் அளவு, ட்யூனிங், அதாவது ரெண்டு காயிலும் ஒரே ஃப்ரீக்வன்சில இருக்கான்னு பாக்கறது. பிரைமரி சர்க்யூட்ட திறந்து விட்டுட்டு, டொராய்டு தலைல இருக்க, செகண்டரியோட அடில ஒரு சின்ன ஃபங்ஷன் ஜெனரேட்டர் கொடுத்து, நாலடி தள்ளி ஸ்கோப் ப்ரோப்ல ஒரு வயர் துண்ட ஆன்டெனாவா தொங்க விட்டு, ஃப்ரீக்வன்சிய மெதுவா ஏத்துனேன். அலை எங்க உச்சத்துக்கு போகுதோ அதுதான் காயிலோட சொந்த ஃப்ரீக்வன்சி. பக்கத்துல நின்னா நம்ம உடம்போட கெப்பாசிட்டன்ஸே அத மாத்திரும், தள்ளி நிக்கணும். என் கணக்கு 183 கிலோஹெர்ட்ஸ். ஸ்கோப் சொன்னது 209.

26 கிலோஹெர்ட்ஸ் எங்க போச்சு? ரெண்டு நாள் மண்டைய உடைச்சு பாத்தா கேவலமான தப்பு. 28 கேஜ் வயர் 0.376 மில்லிமீட்டர்னு டேபிள்ல பாத்து 45 சென்டிமீட்டர வகுத்து 1197 சுத்துன்னு எழுதி வெச்சிருந்தேன். அது வெறும் செம்போட விட்டம்! மேல எனாமல் பூச்சு இருக்கே, அதோட 0.42 கிட்ட வரும், அப்புறம் கையால சுத்துனதுல அங்கங்க மயிரிழை இடைவெளி வேற. ஸ்கேல் வெச்சு லென்ஸ்ல ஒரு சென்டிமீட்டருக்கு எத்தன சுத்துன்னு எண்ணிப் பாத்தா மொத்தம் 1050 பக்கம்தான் வருது. இண்டக்டன்ஸ் சுத்தோட வர்க்கத்துல போறதால 34 மில்லிஹென்றின்னு நெனச்சது நெஜத்துல 26 தான். பிரைமரி டேப்ப (எத்தனாவது சுத்துல வயர மாட்டுறோமோ அந்த இடம், ட்யூனிங் இதுலதான்) நான் வெச்சிருந்தது 12வது சுத்துல, இருக்க வேண்டியது பத்தரைல. நவம்பர்லயே இந்த தப்பு இருந்துச்சு, அதான் அன்னைக்கும் 7 இன்ச்.

டேப் தப்பா இருந்தா ஆர்க் ஏன் வரணும்? ஊஞ்சல்ல குழந்தைய தள்ளுறத நெனச்சுக்குங்க, அது வர்ற நேரத்துக்கு தள்ளுனா உயரமா போகும், வேற தாளத்துல தள்ளுனா கை வலிக்கும், ஊஞ்சல் குலுங்கும். பிரைமரில எனர்ஜி தேங்கி நின்னு சுத்திட்டே இருக்கும், செகண்டரில வோல்டேஜ் அடில இருந்து உச்சி வரைக்கும் சீரா ஏறாம நடுவுல கண்ட இடத்துல முட்டும். என் ரேசிங் ஸ்பார்க்குக்கு பாதி காரணம் இது.

டேப்ப 10.5க்கு கொண்டு வந்தேன். ஸ்ட்ரீமர் 3 இன்ச்ல இருந்து 9க்கு போச்சு. கீழ ஆர்க்? இன்னும் இருக்கு, ஆனா இப்ப 60க்கு பதிலா 75 சதவீத வேரியாக்ல ஆரம்பிக்குது.

ரெண்டாவது, கப்ளிங், அதாவது பிரைமரியோட காந்தப்புலம் எவ்ளோ செகண்டரிய போய் சேருதுங்கறது. டெஸ்லா காயில்ல ஆர்க்குன்னு வாய திறந்தாலே எல்லாரும் சொல்ற பதில் "கப்ளிங்க கம்மி பண்ணு"ங்கறதுதான், ஜுரம்னா பாராசிட்டமால் மாதிரி. தப்பு இல்ல, ஆனா எவ்ளோ இருக்குன்னு அளக்காம எவ்ளோ கம்மி பண்றது? அளக்கறது அவ்ளோ ஒண்ணும் கஷ்டம் இல்ல. 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு, சீரியல்ல கார் ஹெட்லைட் பல்பு 60 வாட், அந்த 5 ஆம்பியர் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ட பிரைமரி வழியா விட்டுட்டு செகண்டரியோட ரெண்டு முனைல மல்டிமீட்டர ஏசி மில்லிவோல்ட்ல வைங்க. எனக்கு 270 மில்லிவோல்ட் வந்துச்சு. அத கரண்ட்டாலயும் 314 (2π × 50 ஹெர்ட்ஸ்) ஆலயும் வகுத்தா மியூச்சுவல் இண்டக்டன்ஸ், 172 மைக்ரோஹென்றி. ரெண்டு காயிலோட இண்டக்டன்ஸ பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, அதால இந்த 172ஐ வகுத்தா கப்ளிங் 0.17. இந்த மாதிரி தட்டை பிரைமரி காயிலுக்கு 0.12, 0.13 பக்கம் இருந்தா நிம்மதி. ஜனவரில மாத்துன தூண்கள் பழசவிட ஒண்ணரை இன்ச் உயரம்னு அப்புறம் அளந்தப்ப தெரிஞ்சுது. நான் பிரைமரிய ஏத்தி செகண்டரிய அதுக்குள்ள இறக்கி வெச்சிருக்கேன், அதுவும் தெரியாமலே.

கப்ளிங் கூடுனா என்ன ஆகும்னா எனர்ஜி ரொம்ப சீக்கிரம் மாறும், 0.17ல மூணே சுழற்சில மொத்தமும் கை மாறிடும், செகண்டரியால அத தாங்க முடியாது. போதாததுக்கு ஒரே ஃப்ரீக்வன்சி ரெண்டா பிரியும், என்னோடது 193, 229ன்னு ரெண்டு பக்கம் போகும். செகண்டரிக்கு அடில ஒரு மரக்கட்டைய வெச்சு ஒண்ணரை இன்ச் ஏத்துனேன், மீட்டர் 190 மில்லிவோல்ட்டுக்கு இறங்குச்சு, அதாவது 0.12. ரேசிங் ஸ்பார்க் அதோட நின்னுச்சு, நடுவுல ஒரே ஒரு இடத்த தவிர. அங்க லென்ஸ் வெச்சு பாத்தா ஒரு சுத்து இன்னொரு சுத்து மேல ஏறி உக்காந்திருக்கு, சுத்துறப்ப யாரோ காலிங் பெல் அடிச்சு எந்திரிச்சு போன இடம் அது, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அண்ணன் சொன்ன மாதிரி கரிய பிளேடால சுரண்டி, தின்னர்ல துடைச்சு, ஒரு நாள் வெயில்ல காய வெச்சு, ஏர் ட்ரை வார்னிஷ் மூணு கோட். கரி இருக்கறப்ப மேல பூசறது புண்ணுக்கு மேல பவுடர் போடுறது மாதிரிதான்.

இப்ப ஸ்ட்ரீமர் 13 இன்ச். ஆனா 90 சதவீதம் தாண்டுனா அந்த பழைய இடத்துலயே, உள் சுத்துல இருந்து, எப்பவாச்சும் ஒரு டப். கடுப்பு.

எல்லாத்தையும் அளந்தாச்சே, அளக்காதது என்னன்னு நோட்ட திருப்பிப் பாத்தா எர்த். நவம்பர்ல தோட்டத்து மண்ணு சேறு, மார்ச்ல வெடிச்சு கெடக்கு, கடப்பாறை போட்டா டணங்குன்னு சத்தம் வர்ற செம்மண் சரளை. ஒரு சந்தேகத்துல மூணு வாளி தண்ணிய ராடு அடியில ஊத்திட்டு, வேற எதையும் தொடாம, கால் மணி நேரம் கழிச்சு ஓட்டுனேன். 17 இன்ச். கீழ ஆர்க் ஒண்ணு கூட இல்ல. அடுத்த நாள் மண்ணு காய்ஞ்சப்புறம் ஓட்டுனா திரும்ப 13, திரும்ப டப்.

தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் ஒருத்தர்கிட்ட எர்த் மெக்கர் (எர்த்தோட ரெசிஸ்டன்ஸ அளக்குற மீட்டர்) இரவல் வாங்கி வெச்சு பாத்தேன். காய்ஞ்ச மண்ணுல 940 ஓம், தண்ணி ஊத்துனா 310. இது மெக்கரோட லோ ஃப்ரீக்வன்சி அளவு, 209 கிலோஹெர்ட்ஸ்ல அப்படியே பொருந்தாது, ஆனா கதை புரியும். செகண்டரியோட அடில ரெண்டு மூணு ஆம்பியர் ஆர்எஃப் (ஹை ஃப்ரீக்வன்சி) கரண்ட் ஓடுறதா வெச்சுக்கிட்டா கூட 940 ஓம் மேல 2, 3 கிலோவோல்ட் நிக்கும். அடி முனை ஜீரோ வோல்ட்ல இருக்கணும், அது நட்டுக்கிட்டு நிக்குது. அந்த 3 கிலோவோல்ட் மட்டும் மூணரை சென்டிமீட்டர் காத்த உடைக்காது, நியாயமா பேசணும். ஆனா பிரைமரில ஏற்கெனவே 12 கிலோவோல்ட் உச்சம், ரெண்டு இன்ச் உயரத்துல செகண்டரிக்கு அதோட பங்கு, தப்பான டேப், கூடுன கப்ளிங், இது எல்லாம் சேர்ந்து விளிம்புல நிக்கறப்ப கடைசி தள்ளு எர்த்து குடுத்துச்சு. அந்த எர்த் ரெசிஸ்டன்ஸ் சீரியல்ல உக்காந்து எனர்ஜியவும் தின்னுச்சு, அதான் ஸ்ட்ரீமர் குட்டை.

எர்த்த முறைப்படி செஞ்சேன், நம்ம ஊர் வீடுகள்ல செய்யுற அதே முறை. ஏழடி குழி, 2 மீட்டர் ஜிஐ பைப், சுத்தி மரக்கரியும் கல்லுப்பும் அடுக்கடுக்கா, மேல தண்ணி ஊத்த ஒரு வாய். மெக்கர் 22 ஓம். அங்க இருந்து காயிலுக்கு ஒல்லி வயர் இல்லாம பட்டையான செம்பு பட்டி, நேரா, குட்டையா. அதோட காயில் நிக்குற தரைல கோழி வலை ஒண்ண விரிச்சு அதையும் அதே எர்த்துல கட்டுனேன், டொராய்டுக்கும் தரைக்கும் நடுவுல ஓடுற கரண்ட் அந்த வலை வழியாவே சுலபமா திரும்பிடும். டேப்ப 10.5ல இருந்து கொஞ்சம் வெளிய, 10.8 கிட்ட நகர்த்துனேன், ஏன்னா பெரிய ஸ்ட்ரீமர் கிளம்புனா அதுவே கெப்பாசிட்டன்ஸ் கூட்டி ஃப்ரீக்வன்சிய இறக்கும், அதுக்கு முன்கூட்டியே இடம் குடுக்கணும். ஃபுல் வேரியாக்ல 23 இன்ச். லெதராய்டு, அக்ரிலிக், பாலித்தீன் எல்லாத்தையும் கழட்டி வீசிட்டேன், பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவுல இப்ப காத்து மட்டும்தான்.

சின்னச் சின்னதா இன்னும் ரெண்டு ஆர்க் இருந்துச்சு, சட்டுன்னு சொல்லிடறேன். டேப்ல முதலை க்ளிப் போட்டிருந்தேன், அது பல்லு நுனில நீலமா பொறிஞ்சு சூடாச்சு, போல்ட் போட்ட பித்தளை க்ளாம்புக்கு மாத்துனதும் சரி. பைப்போட மேல் முனைல ஓட்டை போட்டு வயர உள்ள விட்டிருந்தேன், அது பைப்புக்குள்ளயே ஆர்க் ஓடறதுக்கு ராஜபாட்டை, ஓட்டைய எபாக்ஸில அடைச்சு வயர வெளியவே விட்டுட்டேன். பைப்ப துளைக்கவே துளைக்காதீங்க. அப்புறம் டிரான்ஸ்ஃபார்மரோட இன்சுலேஷன மெக்கர் பண்ணி கோருக்கு ஜீரோ காட்டுதேன்னு பயந்து ஒரு ராத்திரி தூக்கம் போச்சு, என்னோட மாடல்ல செகண்டரி வைண்டிங்கோட நடுப்புள்ளி கோர்லயே கட்டியிருக்கு, அது அப்படித்தான் காட்டும். டிரான்ஸ்ஃபார்மர் வெளியீட்டுக்கு குறுக்க ஒரு சேஃப்டி கேப் (வோல்டேஜ் எகிறுனா பொறியா தாவ விடுற இடைவெளி) கட்டாயம் வைங்க, வெறும் டிரான்ஸ்ஃபார்மர் ஓடுறப்ப அடிக்காத அளவுக்கு மட்டும் திறந்து.

ஒவ்வொரு ரன் முடிஞ்சதும் ப்ளக்க புடுங்கி, பத்து செகண்ட் எண்ணி (ப்ளீடர் வேலை செய்ய அதுவே தாராளம்), அப்புறமும் எர்த் வயர் கட்டுன குச்சியால கெப்பாசிட்டர் ரெண்டு முனையும் ஷார்ட் பண்ணிட்டுத்தான் கை வைக்கிறேன். ப்ளீடர் ஒண்ணு அத்துப் போயிருந்தா எண்ணுன எண்ணிக்கை உதவாது. ஜன்னல திறந்து வெச்சுக்கணும், ஓசோன் வாசனை தலைவலி குடுக்கும், ஸ்பார்க் கேப்ப வெறும் கண்ணால உத்துப் பாக்கக் கூடாது, வெல்டிங் மாதிரிதான் அதுவும்.

மே மாசம் பசங்க திரும்ப வந்தானுங்க, இந்த தடவ போனை எடுத்தது வீடியோ பிடிக்கறதுக்கு. அம்மாவுக்கு மட்டும் ஒரு மனத்தாங்கல், கல்லுப்பு இறங்கி பக்கத்துல இருந்த கறிவேப்பிலை செடி பட்டுப் போச்சு. அந்த எடத்துல வேற எதுவும் வளராதுன்னு ஆனதால, வாஷிங் மெஷின் தண்ணி பைப்ப அந்த குழிக்கே திருப்பி விட்டுட்டேன். ஏப்ரல் வெயில்ல மெக்கர் வெச்சு பாத்தது 22, மே கடைசில 24.